குளியலறைக்குள் 12 வோல்ட்

குளியலறையில் விளக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் கலரையும் டிசைனையும் பார்ப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கடைக்குப் போனதும் பெரும்பாலும் நம் காதில் விழுவது, "12 வோல்ட் சார், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சுதான். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எங்கள் வீட்டில் இந்த வேலையைத் தொடங்கியதற்குக் காரணம் அப்பா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இரவில் எழுந்து போகும்போது பெரிய லைட்டைப் போட்டால் தூக்கம் போய்விடுகிறது என்று இருட்டிலேயே தடவிக்கொண்டு போவார். ஈரமான டைல்ஸில் ஒரு முறை வழுக்கினால் இடுப்பெலும்பு என்னாகும் என்று வயதானவர்கள் இருக்கும் வீட்டில் சொல்ல வேண்டியதில்லை. அதனால் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இரண்டு சின்ன ஃபுட் லைட், கண்ணாடிக்கு மேலே ஒரு ஸ்ட்ரிப், ஃபால்ஸ் சீலிங்கில் நான்கு டவுன்லைட், எல்லாமே 12 வோல்ட்டில் என்று முடிவு செய்தோம். தண்ணீர் ஓடும் தரைக்கு அவ்வளவு பக்கத்தில் 230 வோல்ட் விளக்கு வைக்க மனம் வரவில்லை.

எங்கள் பகுதியில் பல வருடமாக ஒயரிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். திட்டத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: "நல்லதுதான் தம்பி. ஆனா பன்னெண்டு வோல்ட்னு எல்லாரும் சொல்றாங்க, எந்தப் பன்னெண்டுன்னு யாரும் கேக்கறதில்ல."

அவர் சொன்ன அந்த விஷயம்தான் இந்த வேலைக்கே அடிப்படை. விளக்கில் எழுதியிருக்கும் 12 என்ற எண் உங்களைக் காப்பாற்றாது. அந்த 12 எங்கிருந்து வருகிறது, அதைத் தரும் பெட்டி எங்கே இருக்கிறது, இந்த இரண்டும்தான் காப்பாற்றும்.

நனைந்த உடம்பு

குளியலறை மற்ற அறைகளைப் போல இல்லாததற்குக் காரணம் நம் தோல். உலர்ந்த தோல் கரண்ட்டை ஓரளவு தடுக்கும். நனைந்துவிட்டால் அந்தத் தடை மளமளவென்று குறைந்துவிடும். செருப்பும் கிடையாது, வெறும் கால் ஈரத் தரையில் பதிந்திருக்கும்.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். நனைந்த உடம்பின் தடை 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டைத் தொட்டால் உடம்பில் ஓடுவது 230 மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாமல் தசைகள் இறுக ஆரம்பிக்கும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் கொஞ்ச நேரம் மார்பு வழியாக ஓடினால் இதயத்தின் துடிப்பே தாறுமாறாகிவிடலாம். 230 என்பது அதைப்போல ஏழெட்டு மடங்கு.

அதே உடம்பு 12 வோல்ட்டைத் தொட்டால் 12 மில்லி ஆம்பியர். தண்ணீரில் முழுசாக மூழ்கியிருந்தால் உடம்பின் தடை இன்னும் குறையும், கரண்ட் இன்னும் கூடும். டிசி என்றால் அதே அளவு கரண்ட்டை உடம்பு ஏசியைவிட நன்றாகத் தாங்கும். ஆகவே 12 வோல்ட் டிசி என்பது நல்ல தேர்வுதான். ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: நீங்கள் தொடுவது உண்மையிலேயே 12 வோல்ட்டாக மட்டும் இருக்க வேண்டும்.

எந்தப் பன்னிரண்டு?

நம் வீட்டுக்கு வரும் சப்ளையில் ஒரு கம்பி ஃபேஸ், ஒரு கம்பி நியூட்ரல். அந்த நியூட்ரல் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் ஃபேஸ் கம்பி ஒன்றை மட்டும் தொட்டாலும் ஷாக் அடிக்கிறது. கரண்ட் உடம்பு வழியாகத் தரையில் இறங்கி, மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பிப் போய்விடுகிறது.

12 வோல்ட்டைத் தரும் பெட்டிக்கு டிரைவர் என்று பெயர். பாதுகாப்பான டிரைவருக்குள் இந்த வழி அறுபட்டிருக்கும். உள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், அதில் தனித்தனியாக இரண்டு சுருள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காந்தப்புலம் வழியாகத்தான் சக்தி போகிறது, கம்பித் தொடர்பு கிடையாது. 12 வோல்ட் பக்கம் இருக்கும் இரண்டு கம்பிகளுக்கும் பூமியோடு சேர்க்கையே இல்லை. ஒன்றைத் தொட்டால் கரண்ட் திரும்பிப் போக வழி இல்லை. இரண்டையும் சேர்த்துத் தொட்டாலும் 12தான். இந்த ஏற்பாட்டுக்கு எஸ்.இ.எல்.வி. என்று பெயர். குளியலறைக்குள் நமக்கு வேண்டியது இதுதான்.

கடைகளில் இன்னொரு வகையும் தாராளமாகக் கிடைக்கிறது. மெயினிலிருந்து பிரிக்காமலேயே வோல்டேஜைக் குறைத்துத் தரும் டிரைவர்கள். விலை குறைவு, அளவு சின்னது, விளக்கும் நன்றாகவே எரியும். அவுட்புட் கம்பி இரண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் குறைந்த வோல்டேஜ்தான் காட்டும். ஆனால் அந்தக் கம்பிகளில் ஏதாவது ஒன்றுக்கும் தரைக்கும் நடுவே மெயின் வோல்டேஜே இருக்கும். ஹாலின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, கை படாத இடத்தில், முழுக்க மூடிய பிளாஸ்டிக் ஃபிட்டிங்கோடு இருந்தால் பிரச்சினையில்லை. ஈரக் கை எட்டும் உயரத்தில் அது வரவே கூடாது.

அண்ணன் பையிலிருந்து இரண்டு பழைய டிரைவர்களை எடுத்து மேஜையில் வைத்து, மூடியைக் கழற்றிக் காட்டினார். ஒன்றில் விரல் நகம் அளவுக்கு ஒரு சுருள், ஒரு சிப், இரண்டு மூன்று கெப்பாசிட்டர், அவ்வளவுதான். உள்ளே வரும் கம்பியிலிருந்து வெளியே போகும் கம்பி வரை செம்புப் பாதை இடைவெளி விடாமல் தொடர்ந்து போகிறது. மற்றதில் மஞ்சள் டேப் சுற்றிய கனமான டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதற்கு அடியில் போர்டையே நீளமாக அறுத்து இடைவெளி விட்டிருந்தார்கள். அறுத்த கோட்டுக்கு ஒருபக்கம் 230, மறுபக்கம் 12. அந்தக் கோட்டைத் தாண்டிச் செம்பு எதுவும் போகவில்லை. "இந்தச் சந்துக்குத்தான் தம்பி நாம காசு குடுக்கறோம்" என்றார்.

கடையில் மூடியைக் கழற்றிப் பார்க்க விடமாட்டார்கள். லேபிளைப் படியுங்கள். ஆங்கிலத்தில் எஸ்.இ.எல்.வி. என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறி இருந்தால் இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம். எல்இடி டிரைவர்களுக்கான இந்தியப் பாதுகாப்புத் தரம் ஐஎஸ் 15885. அந்த எண்ணும் பிஐஎஸ் பதிவு எண்ணும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே எழுதாமல் இன்புட், அவுட்புட் மட்டும் அச்சடித்திருந்தால், மெயினிலிருந்து பிரிக்கப்படாதது என்றே வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மீட்டர் மீட்டராக வெட்டித் தரும் ரோப் லைட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் ஒரு முனையில் பிளக் மாட்டி நேராக பிளக் பாயிண்ட்டில் செருகிக் காட்டினால் அது 230 வோல்ட். மேலே ரப்பர் மாதிரி உறை இருக்கிறது என்பதற்காக அதைக் குளியலறைக்குள் கொண்டு போகாதீர்கள்.

டிரைவர் எங்கே உட்கார வேண்டும்

நல்ல டிரைவரையே வாங்கிவிட்டாலும், அதற்குள் போவது 230 வோல்ட்தான். அதைக் கொண்டுபோய்க் குளியலறை லாஃப்டில் கீசருக்குப் பக்கத்தில் வைத்தால் முழு ஏற்பாடும் வீண்.

இதற்கு சர்வதேச அளவில் தெளிவான விதி இருக்கிறது. ஐஇசி 60364 என்ற தரத்தின் 701-ஆம் பகுதி குளியலறைகளுக்காகவே எழுதப்பட்டது. இந்தியாவின் ஒயரிங் நடைமுறைத் தரமான ஐஎஸ் 732-ம் 2019 திருத்தத்தில் ஐஇசி பாணிக்கு நெருங்கி வந்துவிட்டது. விதியின் சாரம் இதுதான்: குளியல் தொட்டிக்கு உள்ளே மண்டலம் 0. தொட்டிக்கு மேலே 2.25 மீட்டர் உயரம் வரை மண்டலம் 1. அதைச் சுற்றி இன்னும் 60 சென்டிமீட்டர் மண்டலம் 2. தொட்டி இல்லாமல் ஷவர் மட்டும் இருந்தால், தண்ணீர் வரும் இடத்திலிருந்து சுற்றிலும் 1.2 மீட்டர் தூரம் வரை மண்டலம் 1. மண்டலம் 0-இல் 12 வோல்ட் ஏசி அல்லது 30 வோல்ட் டிசிக்கு மேல் எதுவும் கூடாது, அதைத் தரும் சப்ளை பெட்டியும் வெளியே இருக்க வேண்டும்.

இதை நம் ஊர்க் குளியலறைக்குப் பொருத்திப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் தொட்டி கிடையாது. அறை 5 அடிக்கு 8 அடி இருந்தாலே நல்ல அளவு. 1.2 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 4 அடி. ஷவர் இருக்கும் சுவரிலிருந்து அளந்தாலே அறையில் பாதி மண்டலம் 1-க்குள் போய்விடும். மீதிப் பாதிக்கு ஹேண்ட் ஷவரும் ஹெல்த் ஃபாசெட்டும் இருக்கின்றன. பக்கெட்டில் மொண்டு ஊற்றிக் குளிப்பவர்கள் வீட்டில் நான்கு சுவரும் நனையும். வாரம் ஒருநாள் பிரஷ் போட்டுக் கழுவும்போது சுவரில் தண்ணீரை வீசியே அடிப்போம். ஆகவே கோடு போட்டு மண்டலம் பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம், 2.25 மீட்டர் உயரம் வரை அறை முழுவதையும் மண்டலம் 1 என்றே எடுத்துக்கொள்வது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

எங்கள் டிரைவர் குளியலறைக் கதவுக்கு வெளியே, லிண்டலுக்கு மேலே, காற்றோட்டத் துளை உள்ள ஒரு பெட்டியில் இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறினால் மூடியைத் திறந்துவிடலாம். இப்படி எட்டும் இடத்தில் வைப்பது முக்கியம். விளக்கைவிட முதலில் சாவது டிரைவர்தான். அதற்கு எதிரி சூடு. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. நம் ஊர் மே மாதத்தில், மொட்டை மாடிக்குக் கீழே, மூடிய ஃபால்ஸ் சீலிங்குக்குள் அதை அடைத்துவிட்டால் சீக்கிரம் போய்விடும். போனதும் சீலிங்கைப் பிரிக்க ஆள் தேட வேண்டும்.

ஓட்டை ஓட்டையான தகரக் கூண்டுக்குள் வரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பலர் இந்த வேலைக்கு வாங்குகிறார்கள். அதன் முகப்பைக் கூர்ந்து பாருங்கள். ஃபேஸ், நியூட்ரல், எர்த், மைனஸ், பிளஸ் எல்லாம் ஒரே வரிசையில், விரல் அகலம்கூட இடைவெளி இல்லாமல், திறந்த ஸ்க்ரூக்களாக இருக்கும். ஒரு ஒயரின் மெல்லிய நரம்பு ஒன்று ஸ்க்ரூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதும், 230 பக்கம் 12 பக்கத்தைத் தொட்டுவிடும். பூட்டிய உலர்ந்த பெட்டிக்குள், எர்த் கொடுத்து, முறையாக மாட்டினால் பரவாயில்லை. குளியலறை லாஃப்டில் அதற்கு இடமே இல்லை.

விளக்கும் தண்ணீரும்

விளக்கு ஃபிட்டிங்கில் ஐபி என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 5 என்றால் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். 8 என்றால் அதற்கும் மேல். சீலிங் விளக்குக்கு ஐபி 44 குறைந்தபட்சம், ஷவருக்கு நேர் மேலே என்றால் ஐபி 65. தரையோர ஃபுட் லைட்டுக்கு ஐபி 67-க்குக் குறைந்து வாங்காதீர்கள். சாக்கடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் எந்த உயரத்துக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்ட்ரிப் லைட்டில் இன்னும் கவனம் வேண்டும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்இடியாக ஒரு தொகுதி. மீட்டருக்கு 60 எல்இடி என்றால் 5 சென்டிமீட்டருக்கு ஒரு இடத்தில் வெட்டலாம். வெட்டிய அந்த நொடியே லேபிளில் இருக்கும் ஐபி 65 போய்விடும். வெட்டிய முனையில் செம்பு வெளியே தெரியும், நீராவி அங்கேதான் நுழையும், பச்சை பூத்து ஒவ்வொரு தொகுதியாக அணையும். முனைக்கு மூடி போட்டு சிலிக்கான் வைத்து அடைக்க வேண்டும். அந்த சிலிக்கானிலும் வித்தியாசம் இருக்கிறது. வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது அமிலத்தை வெளிவிடும், செம்பை அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஸ்ட்ரிப்பை அலுமினிய சட்டத்துக்குள் வைத்து மேலே டிஃப்யூசர் மூடி போட்டால் சூடும் இறங்கும், நேரடித் தண்ணீரும் படாது.

ஃபிட்டிங்குக்குள் ஒயர் நுழையும் இடத்தில் அண்ணன் ஒயரை நேராக விடவில்லை. கீழே ஒரு வளைவு போட்டு, அதன்பின் மேலே ஏற்றி உள்ளே நுழைத்தார். ஒயரின் மேல் வழியும் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், ஃபிட்டிங்குக்குள் ஏறாது. ஒயர் வரும் பைப்பின் வாயைப் புட்டி வைத்து அடைத்தார். மேல் வீட்டுக் கசிவு பைப் வழியாகவே விளக்குக்குள் இறங்குவதைத் தான் எத்தனையோ வீட்டில் பார்த்திருப்பதாகச் சொன்னார். எறும்பும் பல்லியும் குடியேறாமல் இருக்கவும் அதுதான் வழி.

பழைய ஹாலஜன் ஸ்பாட் லைட் இருக்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு நேரான ஊசி மாதிரி பின் இருந்தால் அது எம்ஆர் 16, 12 வோல்ட். தடித்த இரண்டு கட்டையைச் செருகித் திருப்பினால் பூட்டிக்கொள்வது ஜியு 10, அது 230 வோல்ட். முகம் இரண்டுக்கும் ஒரே மாதிரி, சீலிங் ஓட்டையும் ஒரே அளவு. கழற்றிப் பின்னைப் பார்க்காமல் "இது 12 வோல்ட்தான்" என்று முடிவுகட்டாதீர்கள். இன்னொன்று: ஹாலஜனுக்கான எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர்களில் பல, குறைந்தபட்சம் 20 வாட் லோட் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதில் 5 வாட் எல்இடியை மாட்டினால் மினுக்கிக்கொண்டே இருக்கும். பல்பை மாற்றும்போது டிரைவரையும் மாற்றுங்கள்.

ஒயரும் கரண்ட்டும்

12 வோல்ட்டில் ஷாக் பயம் குறையும், ஆனால் சூட்டுப் பயம் கூடும். எங்கள் விளக்குகளின் மொத்த லோட் 36 வாட். 230 வோல்ட்டில் இது 0.16 ஆம்பியர். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். அதே வெளிச்சத்துக்கு 19 மடங்கு கரண்ட். ஹாலஜன் காலத்தில் 50 வாட் விளக்கு ஆறு போட்டால் 25 ஆம்பியர் வேண்டியிருந்தது. எல்இடி வந்த பிறகுதான் வீட்டில் 12 வோல்ட் ஒயரிங் இவ்வளவு சுலபமாகியிருக்கிறது.

கரண்ட் கூடினால் ஒயரிலேயே வோல்டேஜ் விழும். கடைசி விளக்கு 10 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். போக 10, வர 10, மொத்தம் 20 மீட்டர் செம்பு. முழு 3 ஆம்பியரும் கடைசி வரை போனால், 1 ஸ்கொயர் எம்எம் ஒயரில் சுமார் 1.1 வோல்ட் விழும். 12-இல் 9 சதவீதம் அங்கேயே காலி, கடைசி விளக்கு மங்கலாகத் தெரியும். 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் விழுவது அரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். தூரம் இன்னும் அதிகம் என்றால் 24 வோல்ட் டிசிக்குப் போகலாம், கரண்ட் பாதியாகும். டிரைவரின் திறனை லோடுக்குச் சரியாக வாங்காமல் கொஞ்சம் கூட்டி வாங்குங்கள். 36 வாட்டுக்கு நாங்கள் 60 வாட் வைத்தோம்.

தளர்ந்த இணைப்பு 12 வோல்ட்டிலும் தீயைக் கொண்டுவரும். முறுக்கி டேப் சுற்றும் வேலை இந்த அறைக்கு ஆகாது. நல்ல கனெக்டர், அல்லது சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். இணைப்பு எங்கே வந்தாலும் மூடிய பெட்டிக்குள், திறந்து பார்க்கக்கூடிய இடத்தில். இதே தீப் பயத்தால்தான் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் இழுக்க வேண்டாம் என்கிறேன். அந்த பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், ஒயர் அப்படியே பழுத்துவிடும்.

12 வோல்ட் ஒயரை 230 வோல்ட் ஒயர் போகும் பைப்பில் சேர்த்து இழுக்கக் கூடாது. எலி கடித்தோ சூட்டில் இளகியோ இன்சுலேஷன் போனால், மெயின் நேராக விளக்குக்கு வந்துவிடும். டிரைவருக்குள் அவ்வளவு கவனமாக விட்ட சந்துக்கு அர்த்தமே இருக்காது. தனிப் பைப் போடுங்கள்.

நிறமும் கவனிக்க வேண்டியது. நம் ஊரில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். டிசியிலும் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். பத்து வருடம் கழித்து வேறொருவர் வந்து பெட்டியைத் திறந்து, சிவப்பையும் கறுப்பையும் பார்த்து 230-ஐ இணைத்துவிட்டால்? இந்த ஒரு காரணத்துக்காகவே நாங்கள் டிசி பக்கத்துக்கு வேறு நிற ஒயர் வாங்கி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் "12 வோல்ட் மட்டும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.

"பாதுகாப்புக்கு மைனஸை எர்த்தோட சேர்த்துடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஏற்பாட்டின் பலமே 12 வோல்ட் பக்கம் பூமியோடு சேராமல் இருப்பதுதான். சேர்த்துவிட்டால் வீட்டின் எர்த் லைனில் வரும் கோளாறு அப்படியே உங்கள் ஃபுட் லைட்டுக்கும் வந்துவிடும். டிரைவரின் உடல் உலோகமாக இருந்து எர்த் முனையும் கொடுத்திருந்தால், அந்த முனைக்கு மட்டும் எர்த் கொடுங்கள்.

230 பக்கத்துக் காவல்

டிரைவர் வரை வரும் லைனுக்கு 6 ஆம்பியர் எம்சிபி போதும். ஆனால் எம்சிபி ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. அது ஓவர் லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான். மனிதரைக் காப்பது ஆர்சிசிபி. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் சப்ளையை வெட்டிவிடும். உங்கள் டிபி பாக்ஸைத் திறந்து அதன் முகப்பைப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று இருக்க வேண்டும். 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் என்று இருந்தால் அது தீ விபத்தைத் தடுப்பதற்கு, ஆளைக் காப்பதற்கு அல்ல.

கீசர் போட்டால் ட்ரிப் ஆகிறது என்று ஆர்சிசிபியையே பைபாஸ் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கும் வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ட்ரிப் ஆனால் எங்கோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். கீசர் காயிலைப் பாருங்கள்.

நம் ஊர் வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாத இடம் இன்வெர்ட்டர். லைட் பாயிண்ட் எல்லாம் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கும். மெயின் ஆர்சிசிபி ட்ரிப் ஆனால் இன்வெர்ட்டர் அதை "கரண்ட் கட்" என்று எடுத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து சப்ளையைத் தொடர்ந்து கொடுக்கும். கசிவு இன்வெர்ட்டர் லைனிலேயே இருந்தால், காவல் வேலை செய்தும் பலனில்லை. அதனால் இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்குப் பிறகு தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். அந்த லைனின் நியூட்ரல் மற்ற லைன்களோடு கலக்காமல் தனியாகவும் வர வேண்டும். எங்கள் வீட்டில் விளக்கை மாட்டுவதற்கு முன்பு அண்ணன் முதலில் செய்த வேலை இதுதான்.

வேலை நடக்கும் நாள்

230 வோல்ட் பக்கத்தை நீங்களே தொட வேண்டாம். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். 12 வோல்ட் பக்கத்தில் ஃபிட்டிங் மாட்டுவது, சிலிக்கான் வைப்பது போன்றவற்றில் கூட நிற்கலாம். மெயினை ஆஃப் செய்யும்போது இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, டிரைவருக்குப் போகும் ஃபேஸ் லைனில் இருக்கட்டும்.

முடித்ததும் நான்கு சோதனைகளைக் கூடவே இருந்து பார்த்துவிடுங்கள். முதலாவது, சப்ளை இல்லாத நிலையில் டிரைவரின் இன்புட் பக்கத்துக்கும் அவுட்புட் பக்கத்துக்கும் நடுவே மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து, இரண்டும் உண்மையிலேயே பிரிந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை நம்பி இதை முடிவு செய்ய முடியாது. நல்ல டிரைவரிலும் அது சில சமயம் லேசாக மினுங்கும். இரண்டாவது, எல்லா விளக்கும் எரியும்போது கடைசி விளக்கில் வோல்டேஜ் அளப்பது. பதினொன்றரைக்குக் கீழே என்றால் ஒயரோ இணைப்போ சரியில்லை. மூன்றாவது, ஒரு மணி நேரம் எரியவிட்டு, அணைத்து, இணைப்புப் பெட்டிகளில் சூடு இருக்கிறதா என்று பார்ப்பது. நான்காவது, சப்ளையை முழுதாக நிறுத்திவிட்டு, ஹேண்ட் ஷவரால் ஃபிட்டிங்குகளின் மேல் நன்றாகத் தண்ணீர் அடித்து, பிறகு கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு சொட்டு தெரிந்தாலும் அந்த ஃபிட்டிங்கை மாற்றச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் ஒரே சமயத்தில் பணம் இல்லை என்றால், செலவு செய்யும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதல் செலவு ஆர்சிசிபி. இன்வெர்ட்டர் இருந்தால் அதற்கும் ஒன்று. அடுத்தது நல்ல டிரைவரும் அதை வெளியே வைக்கும் பெட்டியும். மூன்றாவது தனிப் பைப்பும் சரியான ஒயரும். விளக்கு கடைசி. விளக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்; சுவருக்குள் போனதையும் டிபி பாக்ஸில் இல்லாததையும் டைல்ஸ் ஒட்டிய பிறகு மாற்றுவது பெரிய வேலை.

இந்தப் பதிவைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் நாளைக் காலையில் முதல் ஃபோன் எலக்ட்ரீஷியனுக்குப் போகட்டும், லைட் கடைக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம்.